அத்தானின் ரி கலப் பவுடர்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், அக்காவின் கணவரான அத்தான் மனித குலத்தின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஒரு கம்பனியின் பச்சைநிறப் பவுடரை விற்பதுதான் அந்தப் பொறுப்பு. டப்பாவில் 'ரி கலங்களைத் (T cells) தூண்டும்' என்று எழுதியிருந்தது. ஆய்வுகூடத்தில் நான் மாரடிப்பதும் கிருமியோடு போராடும் இதே ரத்த அணுக்களோடுதான் என்று அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. அதுவரை, ரத்தம் சோதிக்கிற இடத்தில் வேலை என்றுதான் சொந்தக்காரருக்குச் சொல்லி வந்தார்.

"பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில ஒரு கூட்டம். கொஞ்ச நேரம் கதைச்சாக் காணும்."

"நான் பவுடரைப் பற்றிக் கதைக்க மாட்டன், அத்தான்."

"பவுடரை நான் பாக்கிறன். நீங்க ரி கலத்தை மட்டும் சொல்லுங்கோ."

அக்காவின் முகத்துக்காகப் போனேன். மண்டபத்தில் கல்யாண வீட்டுச் சேலைகள், மேசையில் பொரித்த பற்றிஸ். நான் இதுவரை கேள்விப்படாத விருதுகளோடு என்னை அறிமுகப்படுத்தினார்கள்.

ரி கலத்தின் மேற்பரப்பில் கிருமியை அடையாளம் காணும் ஏற்பி உண்டு, அது கண்டதைக் கலத்தின் உள்ளே சொல்ல வேண்டும் என்று தொடங்கினேன். நடுவில் நிற்பவை அடப்டர் புரதங்கள். அவை தாமாக எந்த இரசாயன மாற்றத்தையும் செய்வதில்லை. மாற்றம் செய்யும் புரதங்களைப் பிடித்து ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும்.

"அடப்டர் எண்டா, சுவரில செருகிறதோ?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு என்னில் இருந்த ஆர்வம் போய்விட்டது.

"இது இல்லாட்டி ஏற்பி கிருமியைக் கண்டும் பிரயோசனமில்லை. கலம் சும்மா இருக்கும்" என்றேன். அத்தான் கைதட்டினார், மண்டபமே தட்டியது. எலிகளில் இப்படியொரு புரதத்தின் ஓரிடம் பழுதானால் ரி கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகி உடலையே தாக்கும் என்றேன். அதற்கு யாரும் தட்டவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து மகளோடு வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்தார். கையில் ஏற்கனவே டப்பா.

"எனக்கு மூட்டுவாதம். எதிர்ப்புச் சக்தியை அடக்கத்தான் டொக்டர் குளிசை தாறார். இதையும் குடிக்கலாமோ?"

"ரெண்டும் சேர்ந்தா பலன்ஸ் ஆகும், அம்மா" என்றார் அத்தான்.

நான் மைக்கை வாங்கினேன். "குடிக்காதேங்கோ. டப்பாவில எழுதியிருக்கிறது உண்மையெண்டா உங்கட மூட்டு இன்னும் பழுதாகும். பொய்யெண்டா ஏன் குடிக்கோணும்?"

அவர் டப்பாவை மேசையில் வைத்துவிட்டுக் குடையோடும் மகளோடும் வெளியேறினார். பற்றிஸ் முடிந்ததும் இன்னும் சிலர் போனார்கள்.

சில நாட்களில் பேஸ்புக்கில் வெட்டி ஒட்டிய வீடியோ ஒன்று வந்தது. "இது இல்லாட்டி கலம் சும்மா இருக்கும்" என்று நான் சொல்கிறேன். கீழே பச்சை டப்பா சுற்றுகிறது. என் பேராசிரியர் அதை ஒரு வார்த்தையும் எழுதாமல் எனக்கு அனுப்பியிருந்தார். உடனே அத்தானை அழைத்தேன்.

"நீங்க சொன்னதைத்தானே போட்டனாங்கள்?"

"அது புரதத்தைப் பற்றிச் சொன்னது."

"பவுடரிலயும் புரதம் இருக்குது, பிள்ளை."

போனை வைத்துவிட்டேன். ஆனால் ஆசிரியையின் மகள் முழுக் கேள்வி பதிலையும் போனில் எடுத்து வைத்திருந்தாள். அவள் அதைப் போட்டாள். அக்கா அதைப் பார்த்த அன்றே பச்சை டப்பா வீடியோ காணாமல் போனது.

இப்போது அத்தான் முடி வளரும் எண்ணெய் விற்கிறார். அக்கா ஒரு போத்தல் தந்தாள். குளியலறையில் வைத்திருக்கிறேன், திறக்கவில்லை.