கதிரைப் படம்

எங்கள் விறாந்தைச் சுவரில் அப்போது இருந்தவை: பிள்ளையார், லட்சுமி, முருகன், கடைக்காரர் கொடுத்த கலண்டர், அப்பா. கலண்டரைத் தவிர எல்லாம் கண்ணாடி போட்டவை. அப்பாவின் படத்துக்குக் கீழே மற்ற வீடுகளில் உள்ளதுபோலவே தோற்றம், மறைவு என்று இரண்டு திகதிகள்.

அண்ணா சரக்குக் கப்பலில் வேலை செய்தார். கடைசியாக விடுமுறையில் வந்தபோது ஒரு மட்டைக் குழாய்க்குள் மூன்று படங்கள் கொண்டுவந்தார். ஏதோ ஒரு துறைமுகப் பட்டினத்தில் மழைக்கு ஒதுங்கிய கடையில் வாங்கியவை. பெரிய ஓவியக்கூடங்களில் இருப்பவற்றை வீட்டில் மாட்டுவதற்கென்று அச்சடித்து விற்பார்களாம்.

முதலாவது, வெள்ளைத் தாளில் ஒரு நேர்கோடு. 'இந்தக் கோடு தாளுக்கு வெளியே தொடர்கிறது' என்று அதன் கீழ் ஆங்கிலத்தில் இருந்தது. இரண்டாவது முழுக்கச் சாம்பல் நிறம். 'நேற்று இங்கே ஒரு ஜன்னல் இருந்தது.' மூன்றாவது ஒரு புகைப்படம். வெறும் அறையில் ஒரு மரக்கதிரை. 'உட்காருபவர் வெளியே போயிருக்கிறார்.'

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் படவரைஞராக இருந்தேன். இறங்குதுறைகளின் வெட்டுமுகங்களை மை போட்டுப் பிரதி எடுப்பது வேலை. முதல் படத்துக் கோட்டைக் குனிந்து பார்த்தேன். தொடக்கத்தில் மை கொஞ்சம் ஊறியிருந்தது.

"இப்படிக் கீறினா எங்கட பெரியவர் திருப்பித் தருவார்" என்றேன்.

"கீறினது முக்கியமில்லையாம் பிள்ளை. நினைச்சதுதான் படமாம்."

"அப்ப எனக்கு ஏன் சம்பளம்?"

அம்மா கதிரைப் படத்தைக் கை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார். "கதிரையைப் படம் பிடிக்கிறதெண்டா எங்கட குசினிக்கும் ஒருத்தன் வரலாமே. அங்க மூண்டு கால் கதிரையே கிடக்கு."

அண்ணா சிரித்தார். "எங்கட சுவரில சாமியும் செத்த ஆக்களும்தானே அம்மா. ரெண்டும் இல்லாத ஒண்டும் இருக்கட்டும்."

மாட்டுவதற்குள் விடுமுறை முடிந்துவிட்டது. குழாய் அலுமாரிக்கு மேலே போனது.

அதற்குப் பிறகு தந்தி வந்தது. இரண்டு துறைமுகங்களுக்கு நடுவில், ஒரு காலையில், அவர் கப்பலில் இல்லை. தேடினார்கள். அவ்வளவுதான் அதில் இருந்தது. மறுநாள் நான் வேலைக்குப் போனேன். பேனாக்களைக் கழுவினேன், மை நிரப்பினேன், பாதியில் விட்ட படத்தை முடித்தேன். பக்கத்து மேசைக்காரர் தேநீரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார். குடித்தேன். சீனி போட்டிருந்ததா என்று தெரியவில்லை.

அன்புவழிபுரத்திலிருந்து சின்னம்மா அடிக்கடி வந்தார். அம்மாவின் தங்கை. அழுதபின் ஒவ்வொரு முறையும் அதே கதைதான்.

"அக்கா, செய்யவேண்டியதைச் செய்யத்தானே வேணும். அவன்ட ஒரு நல்ல படத்தைப் பெருப்பிச்சு மாட்டுங்கோ. அந்தரப்பட்டுத் திரியப் போறான்."

"திரியட்டும். திரிஞ்சுபோட்டு வரட்டும்."

அம்மாவுக்கு வேண்டியது ஒன்றுதான். அண்ணா அந்தச் சுவரில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறக்கூடாது. ஏறிவிட்டால் இறக்க ஏலாது.

ஒருநாள் நான் வேலையால் வந்தபோது குழாய் மேசையில் கிடந்தது. கதிரைப் படத்தை விரித்து நான்கு மூலையிலும் அம்மா டம்ளர் வைத்திருந்தார்.

"இதில என்ன எழுதியிருக்கு? திருப்பிச் சொல்லு."

"உட்காருறவர் வெளியில போயிருக்கிறார்."

"இதைப் பிறேம் போட்டுக்கொண்டு வா."

கடைத்தெருவில் படம் கண்ணாடி போடும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் கிண்ணியாப் பக்கத்து மனிதர், நாங்கள் 'நானா' என்று கூப்பிடுபவர், அண்ணாவைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர். செய்தி கேள்விப்பட்டிருந்ததால் ஒன்றும் கேட்காமலே அளவெடுத்தார். எடுக்கப் போனபோது படத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு இருந்தது. கீழே அட்டையில், மையால், அழகாக: தோற்றம். மறைவு.

"நானா, இதென்ன?"

அவர் முகம் மாறியது. "தம்பி இருந்த கதிரையாக்கும் எண்டு நினைச்சன் தங்கச்சி. நல்ல படம் இல்லாட்டி ஆக்கள் இப்படி ஏதும் கொண்டு வாறவைதானே. ஒருத்தர் தகப்பன்ட தோணியைக் கொண்டந்து போட்டவர். திகதி தெரியாததால இடம் விட்டனான்."

"பிழை உங்களில இல்லை" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அம்மா பார்த்தார். படத்தைத் திருப்பிச் சுவரோடு சாத்தினார்.

"உடைச்சு எறி."

"அம்மா, சுரண்டலாம். எங்கட வேலையில பிழைச்சதை அப்படித்தான் எடுக்கிறனாங்கள்."

"அடையாளம் தெரியாமலோ?"

"தெரியாமல்."

பின்பக்கத்து ஆணிகளைக் கழற்றி அட்டையை வெளியே எடுத்தேன். சவர அலகைச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், ஒரே பக்கமாகச் சுரண்டவேண்டும். தாளின் தோல் கிளம்பும். அதை நகத்தால் தேய்த்து அமர்த்தவேண்டும். கறுப்புக் கோடு போனது. 'மறைவு' போனது. அலகை அடுத்த சொல்லில் வைத்தேன்.

"நில்லு" என்றார் அம்மா. "பிறந்தது பொய்யில்லையே. அது இருக்கட்டும். திகதியைப் போடு."

அலுவலகப் படத்தில் எழுதும் எழுத்தில் போட்டேன்.

படத்தை அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில்தான் மாட்டினோம். வேறு ஆணி இருக்கவில்லை.

கேள்விப்பட்டுச் சின்னம்மா வந்தார், கையில் வாழை இலையில் சுற்றிய மல்லிகை மாலையோடு. அக்கா ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார். படத்துக்கு முன்னால் போய் நின்றார். கதிரையைப் பார்த்தார், திகதியைப் பார்த்தார், அதற்குப் பக்கத்தில் விரலால் தடவினார்.

"மற்றத் திகதி எங்க அக்கா?"

"அவன் வந்து சொல்லட்டும்."

"மாலையை நான் என்ன செய்யிறது?"

"அத்தானுக்குப் போடு. அவருக்கு வாடினது கிடக்கு."

சின்னம்மா அழுதுகொண்டே அப்பாவுக்குப் போட்டார். பெரிய படத்துக்கென்று கட்டுவித்த மாலை. அப்பாவின் படம் சின்னது. ஒரு பக்கம் வழிந்து கதிரைப் படத்தின் கண்ணாடியில் கிடந்தது.

அம்மா என்னைப் பார்த்தார். நான் குசினியிலிருந்து முக்காலியைக் கொண்டுவந்து ஏறி, மாலையைத் தூக்கி, கதிரைப் படத்தில் படாதபடி ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டையாக்கினேன்.