அறுபடாத கோடுகள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருந்தேன். முசே சவரிநாதனின் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, "பாய், முசே போயிட்டாருங்க. காபி குடுக்கலாம்னு கதவத் தட்டினேன், சத்தமே இல்ல, உள்ள போயிப் பாத்தா மூச்சு இல்ல" என்றார். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

பிரெஞ்சு மரியாதைப்படி எல்லாரும் முசே என்றே கூப்பிட்ட அவரை, உங்களில் பலருக்கு மேரியில், அதாவது நம் நகரசபை அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுகிறவராகத்தான் தெரியும். சாவு வீட்டிலிருந்து போகிறவர்களை அவர் விடாமல் கேட்கும் கேள்வி, "எத்தனை மணிக்கு?" என் அத்தா இறந்தபோது என்னிடமும் கேட்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "மணி இல்லாம எழுதக் கூடாது பாய், சட்டம் அப்படி" என்றார், பேனாவைப் பிடித்தபடி. எங்கள் பழக்கம் அந்தக் கோபத்தில்தான் தொடங்கியது.

அடுத்த வாரமே, படம் பிடித்த ஒரு கண்ணாடித் தகட்டோடு என் போட்டோக் கடைக்கு வந்தார். பழைய பெட்டிக் கேமராவைக் கொல்லையில் வானத்தைப் பார்க்க நிறுத்தி, நாலு மணி நேரம் திறந்தே வைத்திருந்தாராம். கழுவிப் பார்த்தேன். நட்சத்திரங்கள் நகர்ந்த வழியெல்லாம் கோடுகளாக விழுந்திருந்தன. ஆனால் ஒவ்வொரு கோடும் ஐந்து இடங்களில் அறுந்திருந்தது. மேகம் என்றேன். இல்லை என்று சிரித்தார்.

அவர் வீட்டுக்குப் போனபோது காரணம் தெரிந்தது. மனைவி மதலேன் அம்மாள் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் ஏழு வருஷமாகப் படுக்கையில் இருந்தார். கொல்லையை ஒட்டிய அறை. அவர் டம்ளரைக் கரண்டியால் தட்டினால் முசே லென்ஸை மூடிவிட்டு, லாந்தரை ஏற்றிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். மூடாமல் ஏற்றினால் வெளிச்சம் பட்டுத் தகடு கெட்டுவிடும். "உங்க நட்சத்திரம் எங்கியும் ஓடிடாது, வந்து என்னத் திருப்பிப் படுக்க வைங்க" என்று அந்த அம்மாள் கேலி செய்வார்.

அலுவலகத்தை விட்டால் வீடு. கடற்கரைப் பக்கம்கூட அவர் வந்ததில்லை. கொல்லையில் நாலு பக்கமும் மதில், மேலே ஒரு துண்டு வானம். "என்னால போவ முடிஞ்ச தூரம் அதான் பாய்" என்றார் ஒருமுறை. "ஒரு நாளாவது கோடு அறுவாம எடுத்துடணும்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில், பனிக்காலத்தில், மதலேன் அம்மாள் இறந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் முசே கேமராவைக் கொண்டுவந்து, "நீங்களே வச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே ஒரு தகடு இருந்தது. கழுவினேன். ஒரு கோடுகூட அறுபடவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. துக்கத்தில் இருக்கிற மனிதருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, பெரிதாக்கிக் கடை முகப்பில் மாட்டினேன். முட்டாள்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?

அவர் வந்து அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"அன்னிக்கி அவ தட்டவே இல்ல பாய். நல்லாத் தூங்குறான்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு வெளியவே ஒக்காந்திருந்தேன். ஒரு மணிக்கு மூடிட்டு உள்ள போனா, கையி சில்லுனு இருந்துது. மேரியில மணி கேட்டாங்க. ஒம்போதுலேந்து ஒண்ணுக்குள்ளன்னேன். அப்படி எழுத முடியாதுன்னாங்க. பன்னெண்டுன்னு பொய் சொன்னேன்."

படத்தை அப்போதே கழற்றினேன். அதன்பின் அவர் கேமராவைத் தொடவில்லை. இனித் தட்டுவதற்கு ஆளில்லையே, கடற்கரைக்காவது வாருங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். "நான் வெளிய போன நேரமாப் பாத்து அவ தட்டிட்டான்னா?" என்பார். விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் சாவைப் பதிய நான்தான் மேரிக்குப் போனேன். அவர் நாற்காலியில் இருந்த புது குமாஸ்தா, "எத்தனை மணிக்கு?" என்றார். தெரியாது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. நாலு மணி என்று நானும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தேன்.

அறுபடாத அந்தத் தகடு துணி சுற்றி என் பெட்டியில் இருக்கிறது. உடைக்கவும் மனம் வரவில்லை, வெளியே எடுக்கவும் தைரியமில்லை. கடை முகப்பில் இப்போது அவர் முதலில் கொண்டுவந்த படத்தை மாட்டியிருக்கிறேன். கோடுகள் வெட்டு வெட்டாக இருக்கின்றனவே, பழுதான படமா என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். பழுதில்லை, அன்று அந்த அம்மாள் ஐந்து தடவை கூப்பிட்டார், ஐந்து தடவையும் அவர் எழுந்து போனார் என்று சொல்கிறேன்.