தொட்டில் வாங்கப் போன சனிக்கிழமை

நகரப் பேருந்து ஓட்டும் அவளை டிப்போவில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு வருஷமாக வண்டியில் ஒரு கீறல்கூட விழவிட்டதில்லை. வயிறு ஸ்டியரிங்கைத் தொட ஆரம்பித்ததும் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். முப்பத்தைந்தாவது வாரம் நடந்தது. வீட்டிலோ குழந்தைக்கென்று ஒரு துண்டுத் துணிகூட இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவசரப்பட்டு, ஐந்தாம் மாதத்திலேயே அறைக்கு வண்ணம் அடித்துத் தொட்டிலும் வாங்கிப் போட்டார்கள். அந்தக் குழந்தை தங்கவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவன் அந்தத் தொட்டிலைக் கழற்றி எங்கோ கொடுத்துவிட்டு வந்தான். சூடு கண்ட பூனை. இந்த முறை கடைப் பேச்சை எடுத்தாலே, "பாத்துக்கலாம், என்ன அவசரம்" என்று நழுவிவிடுவான்.

அப்படிப்பட்டவன் அந்தச் சனிக்கிழமை காலையில் தானாகவே பட்டியல் போட்டான். தொட்டில், குளிப்பாட்டும் டப், காரில் பொருத்தும் குழந்தை சீட், திரைத்துணிக் கம்பி. "ரெண்டு நாள்ல எல்லாத்தையும் முடிச்சிடலாம். கிளம்பு."

குளிர்காலம் முடிந்து, தெருவோரத்தில் குவிந்து கிடந்த அழுக்குப் பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. காரில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. காலையில் சாப்பிட்டு முடித்ததும் தவறாமல் உதைக்கும் குழந்தை இன்று உதைக்கவில்லை. தூங்குகிறது போல என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கடையில், குழந்தை விழித்துக்கொள்ளட்டும் என்று குளிர்ந்த பழச்சாறு வாங்கிக் குடித்தாள். வயிற்றை ஒரு பக்கமாக அழுத்திப் பார்த்தாள். அசைவே இல்லை. அவனோ தரையில் மல்லாந்து படுத்து, தொட்டிலின் அடியில் தலையை விட்டுத் திருகாணிகளைச் சோதித்துக்கொண்டிருந்தான். "யாரு மாட்டினாங்களோ, ஒண்ணுகூட முறுக்கா இல்ல. நான் மாட்டினா நீயே ஏறிப் படுக்கலாம்" என்று சிரித்தான். இரண்டு வருஷமாகக் காணாத சிரிப்பு. அதைக் கெடுக்க மனமில்லாமல், சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் தொட்டிலின் விலைச்சீட்டைப் புரட்டினாள்.

பில் போடும் வரிசையில் நின்றபோது இன்னொரு முறை வயிற்றை அழுத்திப் பார்த்தாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"என்னங்க... குழந்தை காலையிலேர்ந்து அசையல."

அவன் திரும்பிப் பார்த்தான். கையிலிருந்த பெட்டியை அப்படியே கீழே வைத்தான். "எப்பலேர்ந்து? ஏன் சொல்லல?" என்றவன் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் அவள் தோளை அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

காரில் அவன் சாவியைப் போடப் பார்த்தான். இரண்டு முறை தவறிக் கீழே விழுந்தது.

"தள்ளுங்க. நான் ஓட்டறேன்."

"இந்த நிலைமையிலயா?"

"உங்க கையைவிட என் கை தேவலை."

சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள். குளிர் விட்ட முதல் வெயில் என்று ஊரே தெருவில் இருந்தது. வண்டிகள் எறும்புபோல ஊர்ந்தன. தினமும் ஓட்டிய பாதைதான். எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஒரு சிவப்பு விளக்கையும் தாண்டாமல், ஒருமுறைகூட ஹாரன் அடிக்காமல், சந்து சந்தாகப் புகுந்து ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். நிறுத்திய பிறகுதான் அழுகை வந்தது.

நர்ஸ் அவள் வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைத் தேடினாள். மேலே, கீழே, இடப்பக்கம். வெறும் இரைச்சல். கணவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டான். நர்ஸ் கையை இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்த, டக் டக்கென்று கேட்டது.

"இருக்குங்க!" என்றாள் அவள் படுத்தபடியே, அவன் முதுகைப் பார்த்து.

ஆனால் நர்ஸின் முகம் தெளியவில்லை. டாக்டர் வந்து கால் மணி நேரம் திரையையே பார்த்தார். "துடிப்பு நடுநடுவுல இறங்குது. காத்திருக்கறது நல்லதில்ல, உடனே ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. இதைவிடச் சீக்கிரமாவே வந்திருக்கலாம். அசைவு குறைஞ்சா யோசிக்கவே கூடாதும்மா."

நாலரை மணிக்குப் பெண் பிறந்தது. கையளவு முகம், பூனைக்குட்டி மாதிரி அழுகை. மூச்சுக்குத் துணை வேண்டும் என்று மூக்கில் குழாய் மாட்டிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். மறுநாள் காலையில் அந்தக் குழாயையும் எடுத்துவிட்டார்கள். "இனி பயமில்லை, எடை ஏறணும், அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கண்ணாடிப் பெட்டியில் மாட்ட நர்ஸ் ஒரு பெயர் அட்டையை நீட்டினாள். "பேரு என்ன எழுதட்டும்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை மாதத்தில் ஒருநாள்கூட அந்தப் பேச்சை எடுக்க அவர்களுக்குத் துணிச்சல் வந்ததில்லை.

"வீட்டுக்குப் போய் நிதானமா யோசிக்கலாமே" என்றான் அவன்.

"இப்பவே யோசிங்க" என்றாள் அவள்.

பத்தே நிமிஷத்தில் பெயர் விஷயமாக இருவருக்கும் சண்டை மூண்டது. தையல் வலியோடு அவளும், கண்ணாடிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவனும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நர்ஸ் அட்டையை வைத்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டாள்.