பொன்னுத்துரை முறுக்கிய போல்ட்

நெல்லியாளத்துக்கு மேலே உள்ள அந்தத் தேயிலை ஃபேக்டரியில் ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பொன்னுத்துரைக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இருபத்து நான்கு வருஷமாக அங்கே ஃபிட்டர். இலையை வாட்டுகிற விசிறி, அரைக்கிற ரோலர், காய வைக்கிற டிரையர் எல்லாமே நாள் முழுக்க நடுங்கிக்கொண்டிருக்கும் மெஷின்கள். நடுங்குகிற மெஷினில் போல்ட் கழலத்தான் செய்யும். கழன்றது ரோலருக்குள் விழுந்தால் அன்றைய இலை அத்தனையும் பாழ். அதனால் ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஸ்பேனரோடு ஒரு சுற்று வருவார். இறுகிக் கிடக்கிற போல்ட்டையும் விடமாட்டார், அதற்கும் ஒரு கால் சுற்று. ஆட்கள் அவருக்குக் 'கால்சுத்து' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தமொன்றும் இல்லை. உள்ளூரப் பெருமைதான்.

அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்காது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் குக்கர் கைப்பிடி, கட்டில் கால், ஜன்னல் கொக்கி எதுவும் தப்பாது. பக்கத்து வீட்டுக்காரருடைய ஸ்கூட்டர் கண்ணாடியை அவர் கேட்காமலேயே முறுக்கிக் கொடுத்துவிட்டு, நன்றிக்காக வேறு காத்து நிற்பார். அவர் மனைவி வனிதா அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். ஒரு மத்தியானம் ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியாமல் நேரே ஃபேக்டரி வாசலுக்கே அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "மூடுன கையாலயே தெறந்து குடுங்க" என்று எல்லார் முன்னாலும் நீட்டினாள். மனுஷன் சிரித்துக்கொண்டே திறந்து கொடுத்தார். அன்று இரவே மறுபடியும் இறுக்கி வைத்தார்.

இப்படிப்பட்டவருக்குப் பிறந்த ரஞ்சனி, இருப்பதிலேயே ஆட்டங்காணுகிற ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கூடலூரில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஷிஜோவும் அவனுடைய கூட்டாளிகள் சிலரும் சேர்ந்து 'டிரையல்ஸ்' ஓட்டுவதற்கென்று ஒரு கிளப் நடத்துகிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால், தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் பழைய கல் குவாரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிப் பழக மேனேஜரிடம் அனுமதி கேட்டு வந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போன ரஞ்சனிக்கு அப்போது பதிமூணு வயது. மூன்றாவது ஞாயிறு அவள் வேடிக்கை பார்க்கவில்லை, வண்டியில் நின்றுகொண்டிருந்தாள்.

நின்றுகொண்டு என்று எழுதியது தவறில்லை. அந்த வண்டியில் சீட்டே கிடையாது. கால்வைக்கும் கட்டையில் நின்றபடியே பாறை, மரக்கட்டை, ஓடை, வழுக்குச் சரிவு என்று கொடி நட்டுக் குறித்த பாதையில் ஊர்ந்து போக வேண்டும். வேகத்துக்கு மார்க்கே இல்லை. ஒரு தடவை கால் தரையில் பட்டால் ஒரு மார்க் தண்டனை, விழுந்தால் ஐந்து. கடைசியில் யாருக்குத் தண்டனை குறைவோ அவர்தான் ஜெயித்தவர்.

"வேகமா போவாத வண்டிக்கு என்னா போட்டி?" என்று கேட்டார் பொன்னுத்துரை.

"ஒருவாட்டி நின்னு பாருங்க, தெரியும்" என்றாள் மகள்.

நின்று பார்த்தார். ஒரு முழ உயரக் கல்லின் மேல் முன் சக்கரத்தை வைத்த மாத்திரத்தில் பக்கவாட்டில் சாய்ந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

பெண்பிள்ளைக்கு இது தேவையா என்று லயத்தில் பேசாதவர்கள் இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வனிதாவும் ஆரம்பத்தில் ஊரோடு சேர்ந்துதான் பேசினாள். போன வருஷம் மகள் ஜெயித்து வந்ததும் கட்சி மாறிவிட்டாள்.

அந்த ஜெயிப்பில் ஒரு விஷயம் இருக்கிறது. கிளப்பில் உள்ள பிள்ளைகள் சாதாரண பைக்கில் சீட்டைக் கழற்றி, பல்சக்கரத்தை மாற்றித்தான் ஓட்டுகிறார்கள். டிரையல்ஸுக்கென்றே செய்த வண்டி கிளப்புக்கு ஒன்றே ஒன்றுதான், வெளிநாட்டிலிருந்து பழசாக வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற போட்டியில் பதினெட்டு வயதுக்குக் கீழே யார் முதலோ, அந்த வண்டி ஒரு வருஷம் அவர் வீட்டில் இருக்கும். போன தடவை ரஞ்சனி முதல். அதனால் வண்டி நெல்லியாளத்து லயத்து வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. இந்தத் தடவை தோற்றால் வண்டி போய்விடும். கழற்றி மாற்றி ஓட்டுவதற்கு அவர்கள் வீட்டில் வேறு பைக்கும் கிடையாது. தோற்றால் ரஞ்சனி ஓட்டுவது அதோடு சரி. இது அப்பா, அம்மா, மகள் மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் வாயைத் திறந்து சொல்லிக்கொள்ளவில்லை.

வண்டியின் பராமரிப்பு பொன்னுத்துரை பொறுப்பு. காற்று வடிகட்டும் ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, ஆயில் தடவி மாட்டுவார். செயினைத் துலக்குவார், ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்பார். மகளோடு சண்டை ஒரே ஒரு இடத்தில்தான், டயர் காற்று. பாறையைக் கவ்விப் பிடிக்க அதில் ஐந்து பவுண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பாள். "இதுக்குப் பேரு பஞ்சர்" என்பார் அவர். ஆனாலும் அவள் சொன்ன அளவுக்கே வைத்தார். காரணம் தெரிந்துவிட்டால் கேட்டுக்கொள்கிற ஆள்தான். காரணம் சொல்லப்படாத இடம் ஒன்று மிச்சம் இருந்தது, அது அவருக்கும் தெரியாது, மகளுக்கும் தோன்றவில்லை.

இந்த வருஷப் போட்டி ஜனவரியில், குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில். ஷிஜோவின் பிக்கப்பில் வண்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். நடுவட்டம் மலைப்பாதையில் ஏறும்போது விரல் மரத்துப்போகிற குளிர். ஆறு இடங்களில் பாதை குறித்திருந்தார்கள், அதை மூன்று சுற்று ஓட்ட வேண்டும். சின்ன வயசுக்காரர்களோடு வீட்டு ஆள் ஒருவர் கூடவே நடந்து போகலாம். அவருக்கு 'மைண்டர்' என்று பெயர். பிள்ளை விழுந்தால் பிள்ளையைப் பிடிக்கலாம், ஆனால் போட்டி தொடங்கியபின் வண்டியைத் தொடக் கூடாது. எது உடைந்தாலும் ஓட்டுகிறவரேதான் சரிசெய்ய வேண்டும். மைண்டர் கை வைத்தால் ஆள் போட்டிக்கு வெளியே.

தொடங்குவதற்கு முன்னால் ரஞ்சனி பாதைகளை நடந்து பார்க்கப் போனாள். பொன்னுத்துரை வண்டியோடு தனியாக நின்றார். சட்டைப்பையில் போல்ட் முறுக்குகிற அலன் கீ. சும்மா நிற்கிற கை சும்மா இருக்குமா? ஹேண்டில்பாரைப் பிடித்தார். இடது பக்கக் கிளட்ச் லீவர், அதைத் தாங்குகிற கவ்வியோடு சேர்ந்து கையோடு திரும்பியது. அவருக்குத் திக்கென்றது. இவ்வளவு பெரிய போல்ட் லூஸ்! இப்படியே பாறையில் ஏறியிருந்தால் பிள்ளையின் கதி? சாமிதான் தன் கையை அங்கே கொண்டுபோய் வைத்தது என்று நினைத்தார். கவ்வியை முறுக்கினார். லீவர் சுழல்கிற சின்ன போல்ட்டையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு கால் சுற்று. மனசு நிம்மதியாயிற்று.

முதல் சுற்றில் ரஞ்சனிக்கு ஐந்தே தண்டனை. அடுத்து வந்தவன் குன்னூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வேலுசாமியின் மகன் கிருத்திக், மாற்றிய பைக்கில் ஒன்பது. பையன் நன்றாகத்தான் ஓட்டினான், ஆனால் வண்டி கனம்.

இரண்டாம் சுற்றில் மூன்றாவது பாதை. ஓடையிலிருந்து இடுப்பளவுப் பாறை மேல் ஏற வேண்டும். ரஞ்சனியின் முன் சக்கரம் ஏறியது, பின் சக்கரம் பாசியில் வழுக்கியது. வண்டி இடது பக்கம் சரிந்தது. பொன்னுத்துரை பாய்ந்து மகளைத் தோளோடு அணைத்து இழுத்துக்கொண்டார். வண்டி பாறையில் மோதி ஓடையில் விழுந்தது.

ஐந்து மார்க் போனது. அது போகட்டும், எல்லாரும்தான் விழுகிறார்கள். ரஞ்சனி வண்டியைத் தூக்கி நிறுத்தினாள். கிளட்ச் லீவர் பாதிதான் இருந்தது, மிச்சம் ஓடைக்குள். அவள் கவ்வியைப் பிடித்துத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"யாருப்பா இத டைட் பண்ணுனது?"

"நாந்தாம்மா. கையில ஆடுச்சு."

"ஆடணும்பா" என்றாள். "விழுந்தா அது திரும்பிக்கும். இறுகி இருந்தாதான் ஒடையும். போட்டிக்குன்னு காலையிலதான் நான் வேணும்னே லூசா வெச்சேன்."

இருபத்து நான்கு வருஷத்தில் தளர்வாக இருக்க வேண்டிய போல்ட் என்று ஒன்றைப் பொன்னுத்துரை பார்த்ததே இல்லை.

மார்க் போடுகிறவர் அருகில் வந்து என்னாச்சு என்று கேட்டார். "பாறையில பட்டு ஒடஞ்சிருச்சுண்ணா" என்றாள் ரஞ்சனி, அவ்வளவுதான்.

இடுப்புப் பையில் வேறு லீவர் இருந்தது. மாற்றுவதற்கு இரண்டு நிமிஷ வேலை, அந்தச் சின்ன போல்ட் கழன்றால். அது கழலவில்லை. ரஞ்சனி அலன் கீயைப் போட்டு இரண்டு கையாலும் அழுத்தினாள். வழுக்கியது. மறுபடி போட்டாள். போல்ட்டின் குழி தேய்ந்து வட்டமாக ஆரம்பித்தது. மூன்று அடி தள்ளி நின்றவருக்கு அந்த போல்ட்டை எப்படிக் கழற்றுவதென்று தெரியும். தலையில் ஒரு தட்டு, பிறகு ஒரே வெட்டில் ஒரு திருப்பு. அவர் கைக்கு அது ஒரு வேலையே இல்லை. அந்தக் கையைத்தான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். "தலையில தட்டிட்டுத் திருப்பும்மா" என்றார். அவள் கல்லை எடுத்துத் தட்டினாள், திருப்பினாள், அவளுடைய பலத்துக்கு அது மசியவில்லை. இருபது நிமிஷம் போயிற்று. சுற்றை முடிக்க நேரக்கணக்கு உண்டு. "போதும், போயிரலாம்" என்று அலன் கீயைப் பைக்குள் போட்டாள்.

மிச்சப் பாதைகளை அந்தப் பாதி லீவரிலேயே ஓட்டினாள், ஒரு விரல் நுனி மட்டும் பிடிக்கிற துண்டில். ஏற்றத்தில் இரண்டு தடவை விரல் வழுக்கி வண்டி நின்றது. ஒவ்வொரு தடவை அவள் கால் தரையில் பட்டபோதும் பொன்னுத்துரை அதை விரல் விட்டு எண்ணினார். தான் செய்த வினை, அனுபவிக்கிறது பிள்ளை.

மாலை நாலு மணிக்கு முடிவு சொன்னார்கள். கிருத்திக் இருபத்தேழு. ரஞ்சனி இருபத்தொன்பது.

அவள் அழவில்லை. கிருத்திக்குக்குக் கை கொடுத்தாள். "லீவர் ஒடஞ்சது சங்கடந்தான், சாரமில்ல, அடுத்த தவண பாக்காம்" என்று தன் மலையாளத் தமிழில் தேற்றினான் ஷிஜோ. வண்டி இல்லாமல் எதை வைத்து அடுத்த தடவை என்று யாரும் கேட்கவில்லை.

போட்டி முடிந்துவிட்டது, இனி யாரும் தொடலாம். கொடுக்கிற வண்டியை உடைந்த லீவரோடு கொடுப்பதா? பொன்னுத்துரை உட்கார்ந்தார். ஒரு தட்டு, ஒரு திருப்பு, போல்ட் வந்துவிட்டது. தேய்ந்ததைத் தூர எறிந்து, ஷிஜோவிடம் வேறு போல்ட் வாங்கிப் போட்டு, புது லீவரை மாட்டினார். கவ்வியைக் கையால் தள்ளினால் திரும்புகிற அளவுக்கு மட்டும் வைத்தார். இதைச் செய்வதற்கு அவருக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. முறுக்குவது எந்த அளவோடு போதும் என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

வேலுசாமி வண்டியை ஏற்றிக்கொண்டு போக ஆட்டோ டெம்போவோடு வந்தார். கடைக்காரர் அல்லவா, வாங்குகிற பொருளைத் தட்டிப் பார்க்காமல் விடுவாரா? வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, என்ன கெட்டியா வெச்சிருக்கறீங்க! ஒரு போல்ட்டு ஆடோணுமே, ம்ஹூம்" என்றார். ஃபேக்டரியில் யாராவது இதைச் சொன்னால் பொன்னுத்துரை ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். இன்றைக்கு அது செருப்படி மாதிரி விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

வேலுசாமியின் கை கிளட்ச் லீவருக்குப் போனது. "அட, இது மட்டும் லூசா இருக்குதுங்களே! கிருத்திக், டெம்போல ஸ்பேனர் இருக்குது, எடுத்துட்டு வா சாமி. டைட் பண்ணிப்போடலாம்."

"வேணாங்க!"

பொன்னுத்துரை போட்ட சத்தத்தில் ஷிஜோ, மார்க் போட்டவர்கள், பிள்ளைகள் எல்லாரும் திரும்பினார்கள்.

"அதத் தொடாதீங்க. அது லூசாத்தான் இருக்கணும். விழுந்தா திரும்பிக்கும், ஒடையாது. நான் காலையில எம் புள்ளைக்குத் தெரியாம அத முறுக்கி வெச்சேன். பாறையால ஒண்ணும் ஒடையல. என்னாலதான் ஒடஞ்சது. என்னாலதான் அவ தோத்தா." பிறகு கிருத்திக்கைப் பார்த்துச் சொன்னார். "தம்பி, யாரு சொன்னாலும் முறுக்காத. ஒங்கப்பா சொன்னாலும்."

வேலுசாமி கையை எடுத்துக்கொண்டார். கிருத்திக் தலையாட்டினான். வண்டியை ஏற்றிக் கயிறு கட்டினார்கள், டெம்போ கிளம்பிப் போயிற்று.

பிக்கப்பில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ரஞ்சனிக்குக் கண் நிறைந்தது. "நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலியே. நீங்க ஏன்ப்பா அத்தன பேருக்கு முன்னால சொன்னீங்க?"

பொன்னுத்துரை உள்ளங்கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கிரீஸ் எப்போதோ போய்விட்டிருந்தது.

"அந்தப் பையனும் விழுவான்லம்மா" என்றார்.