பாரி சவுண்டில் பாம்பைத் தேடிய பத்து நிமிடம்

கோடையில் புளூபெரிப் பழம் பறிக்க ஒன்ராறியோவின் வடக்கே போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். நாங்கள் போனது 1996 ஆகஸ்டில், ஒரு சனிக்கிழமை. பாறைகளுக்கிடையில் பழம் சும்மா காய்த்துக் கிடக்கிறது என்று மச்சான் நடராசா வேலை செய்த ஃபக்டரியில் யாரோ சொல்லியிருந்தார்கள். சும்மா என்றால் எங்களுக்குப் போதாதா?

நாங்கள் குடியிருந்த டோர்செட் பார்க்கில் காலை ஐந்தரைக்குக் காரை எடுத்தோம். நானூறாம் நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே பாரி சவுண்ட் வரை ஏறக்குறைய 240 கிலோமீட்டர். பெற்றோலுக்கு இருபது டொலர். எட்டரைக்கு ஏரிக்கரையில் நின்றோம். இளஞ்சிவப்புப் பாறைகள், இடையிடையே பாசி பிடித்த சதுப்பு, காற்றில் ஒரு பக்கம் சாய்ந்த பைன் மரங்கள்.

ஒன்பது மணியிருக்கும். புளூபெரிப் பற்றைக்குள் வண்டு இரைவது போல ஒரு சத்தம். அதைக் கவனிக்காமல் நடராசா வலது கையை உள்ளே விட்டான்.

"மச்சான், கடிச்சுப் போட்டுது."

பெருவிரலுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். ஒன்றரை முழப் பாம்பு, சாம்பல் உடம்பில் கருந்திட்டுகள், வால் நுனியில் கிலுகிலுப்பை. பாறை வெடிப்புக்குள் போய்விட்டது.

எங்கள் ஊரில் பாம்பு கடித்தால் அதையும் அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். நாகமா புடையனா என்று டொக்டர் பார்க்க வேண்டுமே. நான் துவாயைக் கிழித்து அவன் கையை இறுக்கிக் கட்டிவிட்டு, காரிலிருந்த ஜாக்குக் கம்பியால் வெடிப்பைக் குடையத் தொடங்கினேன். பத்து நிமிடம் போனது. அவன் விரல்கள் நீலம் பாரித்தன. எங்களில் கார் ஓட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

பக்கத்துக் கொட்டேஜிலிருந்து நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா ஓடிவந்து என்னைப் பார்த்து ஏதோ சத்தம் போட்டார். எனக்கு இங்கிலீஷ் வராது, கடிபட்டவனே மொழிபெயர்த்தான்.

"என்னவாம் மச்சான்?"

"கம்பியைக் கீழ போடட்டாம். உந்தப் பாம்பை அடிக்கக் கூடாதாம்."

"அப்ப டொக்டருக்கு எதைக் காட்டுறது?"

அவன் அவரிடம் கேட்டுவிட்டுச் சொன்னான். "இந்த மாகாணத்தில விஷப்பாம்பு உது ஒண்டுதானாம். டொக்டருக்குத் தெரியுமாம். நீ தேடிப் பிடிக்கிறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்திடுவன்."

"அப்பிடியே சொன்னவ?"

"கடைசி நான் சொன்னது."

அவர் நடராசாவின் கையிலிருந்த துவாய்க் கட்டை வெட்டி எறிந்துவிட்டு, எங்களைத் தன் பிக்கப்பில் ஏற்றினார். ஆஸ்பத்திரிக்கு முப்பத்தைந்து நிமிடம். நடராசா பயப்படக் கூடாதென்று வழியெல்லாம் பாம்புக் கதைதான் சொன்னார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எனக்குச் சொன்னான். குளிர்காலத்தில் உறையாத ஈரப் பொந்துக்குள் கிடக்குமாம். கோடையில் பாறையில் வெயில் காயுமாம். எலி தின்னும், குட்டி போடும், மிதிக்க வந்தால் வாலை ஆட்டி எச்சரிக்கும். அமெரிக்கக் கண்டங்களில் இந்தக் கிலுகிலுப்பைப் பாம்பில் முப்பது வகைக்கு மேல் உண்டாம். ஒன்ராறியோவில் முன்பு இரண்டு. மற்றதை மனிதர்கள் அடித்தே இல்லாமல் செய்துவிட்டார்களாம். நான் கையிலிருந்த கம்பியைச் சீற்றுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒருவரும் பாம்பைக் கேட்கவில்லை. ஹெல்த் கார்டைக் காட்டினோம். விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள். தோள்வரை வீங்கிய கை மூன்றாம் நாள்தான் வற்றியது. டொக்டர் விரல்களை மடக்கச் சொன்னார். ஐந்தும் மடங்கின. அந்த அம்மாவின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டோம். இன்றுவரை அது மனதில் கிடக்கிறது.

போகிறவர்கள் கணுக்கால் மூடும் சப்பாத்துப் போடுங்கள். தெரியாத பற்றைக்குள் கை விடாதீர்கள். இரைச்சல் கேட்டால் நின்று, மெல்லப் பின்வாங்குங்கள். கடித்தால் கட்டாதீர்கள், தேடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

எனக்கு எழுத்தும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதைத் தட்டிக்கொண்டிருப்பது நடராசாவின் வலது கைதான்.