அட்டைப்படம் யாருடையது?

ஓவியர் எந்தப் படத்தையும் முதலில் தலைகீழாகத்தான் பார்ப்பார். நேராகப் பார்த்தால் முகம் ஆளை மயக்கிவிடுமாம். கவிழ்த்தால் கோடு மட்டும்தான் மிஞ்சுமாம். பேரன் பிறந்தபோது வந்த முதல் புகைப்படத்தையும் அப்படித்தான் பார்த்தார். மருமகள் அதை இன்னும் மறக்கவில்லை.

இன்று காலையிலிருந்து ஒரே படத்தைக் கவிழ்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருக்கிறார். பழைய வார இதழ் ஒன்றின் அட்டை. ஒரு பெண் சுவர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து எதையோ எடுக்கக் கையை நீட்டியபடி பாதி திரும்பிப் பார்க்கிறாள். அவருடைய ஆரம்பகாலப் படங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுகிறார்கள். பதிப்பகத்துப் பெண் சாயங்காலம் வரப்போகிறாள்; அவளுக்கு இந்தப் படம்தான் முகப்பில் வேண்டும். அதை வரைந்தது தான்தானா என்று ஓவியருக்கே தெரியவில்லை என்பதுதான் சிக்கல்.

கேட்டால் சிரிப்பீர்கள். அந்த இதழுக்குப் படம் போட்டவர்கள் இரண்டு பேர்: இவரும், இவர் மனைவியின் அண்ணனும். ஆசிரியர் கறார் பேர்வழி. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்றவர் தொடர்கதைக்குப் படம் போட வேண்டும், வாசகருக்குத் துளியும் சந்தேகம் வரக்கூடாது என்று இருவருக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தை வைத்துவிட்டார். மைத்துனர் இடக்கைக்காரர், அவருடைய நிழல்கோடுகள் எதிர்ப்பக்கம் சாயும். இவர் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு அதே சாய்வைப் பழகினார். கொஞ்ச நாளில் மைத்துனர் இவருடைய மூக்கைப் போடத் தொடங்கினார். ஆசிரியரே கண்டுபிடிக்க முடியாமல் விழிப்பதைப் பார்த்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் இப்போது இவர் தலையிலேயே வந்து விடிந்திருக்கிறது.

பிறகு மைத்துனர் டயர் கடை வைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். இவரையோ, அந்த அட்டையைப் பார்த்துத்தான் அடுத்த இதழ் கூப்பிட்டது; அங்கே போட்டதைப் பார்த்து அதற்கடுத்தது. பிழைப்பு முழுவதும் அந்த ஒரு படத்தின் தயவு. அது தன்னுடையதில்லை என்றால்?

மைத்துனருக்குப் போன் போட்டார்.

"உன்னுதுதான் மாப்ள. எனக்கு அந்த மாதிரி விரல் எல்லாம் வராது" என்றார் அவர், கேள்வி முடிவதற்குள்.

அந்த அவசரம் இவரை இன்னும் குழப்பியது. நிஜமாகச் சொல்கிறாரா, தங்கை புருஷனுக்கு விட்டுக்கொடுக்கிறாரா? திருப்பிக் கேட்கத் தைரியம் வரவில்லை. டயர் வியாபாரத்தை விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

கடைசியில் மனைவியிடம் போனார். அட்டையில் நிற்பவளே அவள்தானே. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். நின்று நின்று கழுத்துப் பிடித்துக்கொண்டது மட்டும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"வரைஞ்சது யாருன்னு எனக்கென்ன தெரியும்? ரெண்டு பேரும்தான் இதே சமையல்கட்டுல உட்கார்ந்து வரைஞ்சீங்க. அண்ணன் ஜன்னலோரம்னு நினைக்கிறேன், அவனுக்கு வெளிச்சம் வேணும். நீங்க வாசப்படிகிட்ட. சிகரெட்டுக்கு அடிக்கடி எழுந்து போவீங்களே."

அதேபோல ஒரு நிமிஷம் நிற்கச் சொன்னார். இந்த வயதில் இது என்ன கூத்து என்று முணுமுணுத்தாலும், கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியின் மேல்தட்டை நோக்கி நீட்டி, ஜன்னல் பக்கம் பாதி திரும்பி நின்றாள். ஓவியர் வாசற்படி ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து தெரிந்தது தூக்கிய முழங்கையும் கொண்டையும்தான். படத்திலோ முகம் முழுசாக இருக்கிறது. சாய்ந்து பார்த்தார், எட்டிப் பார்த்தார். அப்போது அலமாரி வேறு சுவரில் இருந்ததோ? இவள்தான் மாற்றிச் சொல்கிறாளோ? தெருக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பதிப்பகத்துப் பெண்ணாகத்தான் இருக்கும்.

"கையை இறக்கட்டுமா?" என்றாள் மனைவி.

"கொஞ்சம் இரு" என்று எழுந்தவர், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரத்தில் போட்டு உட்கார்ந்தார்.