முடியாமல் எழுந்த கூட்டம்

சேந்தமங்கலத்தில் எங்கள் எம்.பி. ஆபீசில் உதவியாளராக இருந்தேன். அஞ்சாவது வரைதான் படிப்பு. ஆபீஸ் திறப்பது, வருகிறவர்களை உட்கார வைப்பது, மனு வாங்கி வைப்பது, டீ சொல்வது. அங்கே புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எம்.பி. ஆபீஸ் என்றால் ரோடும் ரேஷன் கார்டும்தான் என்று நினைத்து வருவீர்கள். வெளிநாட்டு ஜெயிலும் அந்த வாசலுக்கு வரும்.

1. மனு

மலைமேலே திருப்புலி நாடு என்கிற பகுதியிலிருந்து வெள்ளையம்மா வந்தாள். எனக்கும் அந்தப் பக்கம்தான். கூட மாமனார் பெரியசாமி. அவர்தான் அவர்கள் ஊர்க்கவுண்டர், ஊர்க்கூட்டத்தை நடத்துகிறவர். வெள்ளையம்மாவின் புருஷன் வளைகுடா நாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டான். ஊருக்கு அனுப்பு என்று கேட்ட அவனையும் கூட வேலை செய்தவர்களையும் போலீஸ் பிடித்து உள்ளே வைத்துவிட்டது. வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. அவனுக்கு மூச்சுத் திணறல் உண்டு. உள்ளே மருந்து தருவதில்லை என்று ஒருமுறை போனில் சொல்லியிருக்கிறான்.

எம்.பி. சொன்னார்: "நான் சொன்னா அந்த நாட்டுக்காரன் கேக்க மாட்டாம்மா. நம்ம கவர்மெண்ட் கேக்கணும். கவர்மெண்ட்டை நாங்க பார்லிமெண்ட்ல கேக்கணும். கேள்வி போடறேன்."

எந்தக் கேள்வியை எடுப்பது என்று டெல்லியில் குலுக்கிப் பார்ப்பார்கள்; அதில் எங்கள் கேள்வி விழுந்தது. மந்திரி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பதில் போதாவிட்டால் எம்.பி. அங்கேயே திருப்பிக் கேட்கலாம். சபையில் மந்திரி ஒரு வார்த்தை கொடுத்துவிட்டால் தூதரகம் அசையும்.

2. டி.வி.

கேள்வி வருகிற அன்றைக்கு முதல் பஸ்ஸிலேயே இரண்டு பேரும் இறங்கி வந்துவிட்டார்கள். டி.வி.யைப் போட்டேன். சபை கூடியதும் வேறு ஏதோ விஷயத்துக்குக் கூச்சல். பலர் எழுந்து நடுவில் போய் நின்றார்கள்.

"ஏனுங்க, இதுங்களா அந்தக் கூட்டம்?" என்றார் பெரியசாமி. "கெழங்குக் காட்டுல பன்னி பூந்தாக்கூட எங்கூர்ல இப்படிக் கத்த மாட்டாங்க."

வெள்ளையம்மா சிரித்துவிட்டாள்.

சபையை ஒத்திவைத்தார்கள்.

"எந்திரிச்சுட்டாங்களா?"

"ஆமாங்க. இன்னிக்கு அவ்வளவுதானுங்க."

"அதெப்படி? நம்ம பேச்சை எடுக்கவே இல்லீங்களே."

எங்கள் மலையில் ஊர்க்கூட்டத்தில் ஒருவர் வழக்கு வைத்துவிட்டால், முடிவு சொல்லாமல் யாரும் எழ மாட்டார்கள். மழை பெய்தாலும் உட்கார்ந்திருப்பார்கள். டெல்லியும் அப்படித்தான் என்று பெரியசாமி நம்பி வந்திருந்தார். மலையில் வழக்கு வைத்தவரே முதலில் எழுந்தால் வழக்கை விட்டுவிட்டதாக அர்த்தம்.

"சோத்துக்குப் போயிருப்பாங்க. வருவாங்க. நீ உக்காரு கண்ணு," என்று மருமகளிடம் சொன்னார்.

சாப்பாடு வாங்கி வந்தேன். இருவரும் தொடவில்லை. சாயங்காலம் எம்.பி. போன் செய்தார். பெரியசாமியிடம் கொடுத்தேன்.

"கவுண்டரே, கேள்விய எடுக்கல. எழுத்துல பதில் வச்சுட்டாங்க. திருப்பிக் கேக்க முடியல. அடுத்த கூட்டத்தொடர்ல விடமாட்டேன். ஊட்டுக்குப் போங்க."

"நீங்க சொல்றீங்கன்னு எந்திரிக்கிறேனுங்க," என்றார்.

அரசு கவனித்து வருகிறது என்று எழுத்துப் பதிலில் இருந்தது.

3. வந்தவர்

எம்.பி. விடவில்லை. அடுத்த கூட்டத்தொடரில் கேட்டார். மற்ற கட்சிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். சிறைக்குத் தூதரக ஆட்களை அனுப்புவதாகச் சபையில் மந்திரி சொன்னார். போனார்கள். உள்ளே இருந்தவர்களை விட்டார்கள். வெள்ளையம்மாவின் புருஷன் அதற்கு முன்பே, இரண்டு கூட்டத்தொடருக்கும் நடுவில், இறந்திருந்தான். தூதரகம் போனபிறகுதான் அதுவும் தெரிந்தது.

உடலைக் கொண்டுவரும் காரியமாக அவள் ஆபீசில் இருந்தபோது, அதே ஜெயிலிலிருந்து விடுதலையான புளியஞ்சோலைக்காரர் ஒருவர் எம்.பி.க்கு மாலையோடு வந்தார். அவள் யாரென்று சொன்னேன். மாலையை வெளியே வைத்துவிட்டு வந்தார்.

"தங்கச்சி, உம்பட கேள்வியாலதான் நான் வெளிய வந்தேன்."

அவள் கேட்டாள்: "மூச்சு முட்டுறப்ப பக்கத்துல யாராச்சும் இருந்தீங்களாண்ணா?"

"நான்தான் சாய்ச்சுப் புடிச்சிருந்தேன்."

"அது போதுங்க. ஊட்டுக்குப் போங்க. புள்ளைங்க பாத்துட்டு இருக்கும்."

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. சபையில் கேட்பது வீண் இல்லை. கேட்டதால்தான் அத்தனை பேர் வீடு வந்தார்கள். ஆனால் கூட்டம் நடுவில் எழுந்துவிடும் என்று மனுவோடு வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூட்டம் இல்லாத நாளிலும் தூதரகத்துக்கு விடாமல் போன் போடுங்கள். நாங்கள் அடுத்த கூட்டத்தொடருக்காகக் காத்திருந்தோம்.